குயின்ஸ் கேம்பிட்டில் அடைபட்ட பிஷப்: சோஃபியா 2010, 12-ஆவது ஆட்டம்

சதுரங்கத்தில் வெள்ளை சி4-ல் ஒரு சிப்பாயை நீட்டும் தொடக்கம் குயின்ஸ் கேம்பிட். அதை மறுத்து ஆடும் கறுப்புக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரே தலைவலி, சி8-ல் நிற்கும் பிஷப். 1. டி4 டி5 2. சி4 இ6 என்று ஆடிய கணத்திலேயே அதன் வாசலில் சொந்தச் சிப்பாய் போய் உட்கார்ந்துவிடுகிறது. டி5 சிப்பாய்க்குத் தாங்கல் கிடைக்கிறது, ராஜாவும் பத்திரமாகக் காஸ்லிங் செய்துகொள்ளலாம். ஆனால் அந்த ஒரு காய் மட்டும் பதினைந்து, இருபது நகர்த்தல் வரை வேலையில்லாமல் கிடக்கும். கறுப்பு கண்டுபிடித்த பெரிய தற்காப்பு முறைகள் பலவும் இந்த ஒரு சிக்கலுக்கான வெவ்வேறு விடைகள்தான். டார்டகோவர் பி6 ஆடி பிஷப்பைப் பக்கவாட்டில் பி7 வழியாக வெளியே கொண்டுவரச் சொன்னார். காப்பாபிளாங்கா சி4-ல் வெட்டி, குதிரையை டி5-ல் வைத்து, காய்களை மாற்றி, பிறகு இ5 தள்ளினார். இமானுவேல் லாஸ்கரின் வழி இன்னும் நேரடியானது: குதிரையைத் தூக்கி இ4-ல் வை, கிடைக்கும் காய்களையெல்லாம் மாற்றிக்கொள், பிஷப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2010 மே 11 அன்று பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் விஸ்வநாதன் ஆனந்த், பல்கேரியரான வெசெலின் டோபலோவை வென்று உலகச் சாம்பியன் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது இந்த மூன்றாவது வழியில்தான். 'டோபலோவ் பேராசைப்பட்டார், தண்டனை கிடைத்தது' என்று இரண்டே வரியில் இந்த ஆட்டத்தைச் சொல்லி முடிப்பார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் பலகையில் நடந்ததைப் பார்த்தால் இது சி8 பிஷப்பின் கதை. ஆட்டம் முழுக்க அது ஏழு முறை நகர்கிறது: பி7, ஏ6, டி3, மறுபடி ஏ6, மறுபடி பி7, ஏ8, கடைசியாக ஜி2. முதல் ஆறையும் பார்த்தால் திசை தெரியாமல் அலைவது போலவே இருக்கும்.

போட்டி நின்ற இடம்

12 ஆட்டங்கள் கொண்ட தொடரில் 11 முடிந்தபோது இருவருக்கும் தலா 5.5 புள்ளி. கடைசி ஆட்டத்தில் சொந்த நாட்டுக்காரர் டோபலோவுக்கு வெள்ளை. அதுவும் டிராவானால் வெற்றியாளரைத் தீர்மானிக்க வேக ஆட்டத்தில் (ரேபிட்) டைபிரேக். டோபலோவ் அதை விரும்பாததற்கு நல்ல காரணம் உண்டு. 2006-ல் எலிஸ்டாவில் கிராம்னிக்கிடம் அவர் பட்டத்தை இழந்தது ரேபிட் டைபிரேக்கில்தான். எதிரே உட்கார்ந்திருந்த ஆனந்த்தோ 2003-ல் உலக ரேபிட் பட்டம் வென்றவர், வேக ஆட்டத்தில் தலைமுறைக்கே முன்னோடி. போதாக்குறைக்கு, இந்தத் தொடரில் டிரா கேட்கமாட்டேன் என்று டோபலோவ் முன்பே அறிவித்திருந்தார். ஆகவே வெள்ளைக் காய்கள் கையில் இருந்தும், நெருக்கடி முழுக்க அவர் பக்கம்தான்.

ஆனந்த் பக்கம் இருந்த சிக்கல் வேறு. கறுப்பில் அவர் கையிலெடுத்த இரண்டு ஆயுதங்களுமே அடிபட்டிருந்தன. முதல் ஆட்டத்தில் குருன்ஃபெல்டு என்ற தற்காப்பை ஆடி, நகர்த்தல் வரிசையைக் குழப்பிக்கொண்டு சீக்கிரமே தோற்றார். (ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் சாலை வழியாகவே சோஃபியா வந்து சேர்ந்தவர் அவர். மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டு, ஒரு நாள்தான் கிடைத்தது.) ஸ்லாவ் தற்காப்பை 3, 5, 8 ஆகிய ஆட்டங்களில் ஆடினார். எட்டாவதில், டிராவாகப் பிடித்திருக்க வேண்டிய எதிர்நிற பிஷப் (இருவரின் பிஷப்புகளும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் ஓடும்) முடிவாட்டத்தைத் தவறவிட்டார். 10-ல் மறுபடி குருன்ஃபெல்டு, டிரா. கடைசி நாளில் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, தொடரில் அதுவரை தொடாத பழைய குயின்ஸ் கேம்பிட் மறுப்பை எடுத்தார். எதிராளியின் கணினித் தயாரிப்பு அதிகம் பாய முடியாத, கூரிய திருப்பங்கள் குறைந்த, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழைய வரிசை. ஜெயித்தே ஆகவேண்டிய மனநிலையில் இருப்பவருக்கு எதிரே சமநிலைக்குப் பக்கத்தில் போய் அமைதியாக உட்கார்ந்துகொள்வதும் ஒரு தாக்குதல்தான்.

லாஸ்கர் தற்காப்பு எப்படி வேலை செய்கிறது

முதல் ஆறு நகர்த்தல்கள் பாடப்புத்தகம்: 1. டி4 டி5 2. சி4 இ6 3. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4. குதிரை சி3 பிஷப் இ7 5. பிஷப் ஜி5 எச்6 6. பிஷப் எச்4, கறுப்பு காஸ்லிங். பிறகு 7. இ3 குதிரை இ4. இதுதான் லாஸ்கர் தற்காப்பின் முத்திரை. 1907-ல் பிராங்க் மார்ஷலுக்கு எதிரான பட்டப் போட்டியில் லாஸ்கர் இந்த யோசனையை ஆடினார். 1980-களில் ஆர்தூர் யூசுபோவ் அதற்குப் புது உயிர் கொடுத்தார். 1989-ல் லண்டனில் கார்போவுக்கு எதிராகவும் ஆடினார். 2010 வாக்கில் அதைப் பெரிய மேடைகளில் பார்ப்பது அரிதாகியிருந்தது.

குதிரை இ4-க்குப் போனதும் இரண்டு மாற்றங்கள் வரிசையில் நிற்கின்றன. 8. பிஷப் இ7-ல் வெட்ட, ராணி இ7-ல் வெட்டுகிறது. அடுத்து இ4 குதிரை சி3 குதிரையோடு மாறும். இட நெருக்கடியில் இருப்பவன் காய்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய விதியின் நேரடிப் பயன்பாடு இது. விலையும் உண்டு. நடுப்பலகையில் வெள்ளையின் டி4 சிப்பாய் கூடுதல் இடத்தோடு நிற்கும். கறுப்பு பின்னால் சி5 அல்லது இ5 தள்ளியே தீரவேண்டும். தள்ளாவிட்டால் சி8 பிஷப் ஆட்டம் முடியும்வரை சிறையில்தான்.

5-ஆவது நகர்த்தலில் எச்6 செருகியதைச் சும்மா என்று நினைக்கக்கூடாது. சிப்பாய் எச்7-லேயே இருந்தால் வெள்ளை பிஷப்பை டி3-ல், ராணியை சி2-ல் வைத்து எச்7-ஐக் குறிவைக்கும். கறுப்பு மாற்றங்களைச் செய்துகொண்டிருக்கும்போதே ஒரு சிப்பாய் பறிபோகலாம். எச்6-ல் அது நின்றால் அந்த ஜோடிக்கு வெட்ட எதுவும் இல்லை.

9. யானை சி1 சி6. இங்கே ஒரு பழைய இழுபறி நடக்கிறது. வெள்ளையின் எஃப்1 பிஷப் இன்னும் நகரவில்லை. கறுப்பு இப்போதே சி4-ல் வெட்டினால் அந்த பிஷப் ஒரே தாவலில் சி4-ல் வெட்டி உட்காரும். அது ஒருமுறை நகரட்டும் என்று காத்திருந்து பிறகு வெட்டினால் இரண்டாவது முறையும் நகரவேண்டும். கறுப்புக்கு ஒரு நகர்த்தல் லாபம். அதனால்தான் கறுப்பு சி6 என்று காலம் கடத்துகிறது. 10. பிஷப் இ2 வந்ததும் கணக்கு தீர்ந்தது (எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்த்தல்): 10... குதிரை சி3-ல் வெட்டு 11. யானை சி3-ல் வெட்டு, 11... சிப்பாய் சி4-ல் வெட்டு 12. பிஷப் சி4-ல் வெட்டு. பத்தாவதில் பிஷப் இ2-க்குப் போகாமல் டி3-க்குப் போயிருந்தாலும் இதே நிலைதான் வந்திருக்கும், எப்படியும் சி4-ல்தான் போய் நிற்கிறது. வரிசைகளை மனப்பாடம் செய்பவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த மாதிரி இடங்களைத்தான்.

12... குதிரை டி7 13. வெள்ளை காஸ்லிங். இந்த நிலையில் கறுப்புக்கு இரண்டு கதவுகள். 13... இ5 என்றால் பிஷப்புக்கு நேர்வழி திறக்கும், ஆனால் நடுவில் கோடுகளும் திறந்து, வெள்ளையின் சி4 பிஷப் எஃப்7-ஐ முறைத்துப் பார்க்கும். ஆனந்த் இரண்டாவது கதவைத் திறந்தார்: 13... பி6. அதன் பிறகு 14. பிஷப் டி3 சி5 15. பிஷப் இ4 யானை பி8 16. ராணி சி2 குதிரை எஃப்6 17. சிப்பாய் சி5-ல் வெட்டு, 17... குதிரை இ4-ல் வெட்டு 18. ராணி இ4-ல் வெட்டு, 18... சிப்பாய் சி5-ல் வெட்டு.

இங்கே நின்று காய்களை எண்ண வேண்டும். வெள்ளையிடம் ராணி, இரண்டு யானை, ஒரு குதிரை. கறுப்பிடம் ராணி, இரண்டு யானை, அந்த சி8 பிஷப். கறுப்பின் ஏ7, சி5 சிப்பாய்கள் இரண்டும் பக்கத்தில் தாங்கச் சிப்பாய் இல்லாத தனிச் சிப்பாய்கள். காகிதத்தில் பார்த்தால் வெள்ளைக்கு ஒரு நூலளவு மேல். ஆனால் வெள்ளையின் வெள்ளைக்கட்ட பிஷப் இப்போதுதான் இ4-ல் வெட்டுப்பட்டு வெளியேறியிருக்கிறது. ஏ8 முதல் எச்1 வரை ஓடும் நீள மூலைவிட்டத்தில் கறுப்பு பிஷப்பை எதிர்த்து நிற்க இனி வெள்ளையிடம் அதே கட்டங்களில் ஓடும் காய் கிடையாது. அந்த வேலையைச் சிப்பாய்கள்தான் செய்யவேண்டும்.

ஒரு சிப்பாய்ச் சுவரும் அதன் பின்னால் ராஜாவும்

19. ராணி சி2 பிஷப் பி7 20. குதிரை டி2 யானை எஃப்-டி8 (எஃப்8 யானை டி8-க்கு) 21. எஃப்3. குதிரை டி2-க்குப் பின்வாங்கியது, பிஷப் எஃப்3-ல் வெட்டி ராஜாவின் சிப்பாய்களைக் கிழிக்காமல் இருக்க. எஃப்3 சிப்பாய் மூலைவிட்டத்தை அடைக்கிறது. ஒவ்வொன்றும் தனியாகச் சரியான நகர்த்தல். 21... பிஷப் ஏ6 என்று எஃப்1 யானையைத் தட்ட, 22. யானை எஃப்2 யானை டி7 23. ஜி3 யானை பி-டி8 24. ராஜா ஜி2.

ராஜாவை ஜி2-ல் வைத்ததில் தர்க்கம் இருக்கிறது. எஃப்3-க்குத் தாங்கல், முதல் வரிசையில் செக் கிடையாது, முடிவாட்டம் வந்தால் நடுவுக்கு ஒரு கட்டம் அருகில். ஆனால் ஜி2 அதே நீள மூலைவிட்டத்தில் இருக்கிறது. பிஷப் ஏ6-ல் நின்ற நேரமாதலால் அது கண்ணில் உறுத்தவில்லை. கறுப்பு பிஷப்புக்கும் வெள்ளை ராஜாவுக்கும் நடுவே இருந்தது எஃப்3 என்ற ஒரே ஒரு சிப்பாய்.

24... பிஷப் டி3 25. ராணி சி1 பிஷப் ஏ6. பிஷப் முன்னே போய்த் திரும்பியது, இப்படியே போகலாமா என்று கேட்பது போலத்தான். ராணி மறுபடி சி2-க்குப் போயிருந்தால் நிலை திரும்பத் திரும்ப வந்து டிராவில் முடியும். மறுநாள் ஓய்வு, அதன் பிறகு ரேபிட். டோபலோவ் 26. யானை ஏ3 ஆடினார். ஏ6 பிஷப்பைத் தட்டுகிறது, ஆனால் யானை பலகையின் ஓரத்துக்குப் போய்விட்டது. 26... பிஷப் பி7 27. குதிரை பி3 யானை சி7 28. குதிரை ஏ5 பிஷப் ஏ8 29. குதிரை சி4. குதிரை நாலு தாவலில் டி2, பி3, ஏ5, சி4 என்று சுற்றி வந்து இ5-ஐக் குறிவைக்கிறது. இடையில் பிஷப்பை ஏ8 மூலைக்கு விரட்டியும் விட்டது. பார்ப்பதற்கு வெள்ளை முன்னேறுகிறது, கறுப்பு பின்வாங்குகிறது. உண்மையில் ஏ8-ல் நிற்பதும் பி7-ல் நிற்பதும் மூலைவிட்டத்துக்கு ஒன்றுதான். ஏ8-ல் குதிரைகூட வந்து தட்ட முடியாது.

29... இ5. குதிரை இ5-ல் குந்த வாய்ப்பில்லை. 30. இ4. இந்த நகர்த்தலின் பின்னால் நல்ல திட்டம் இருக்கிறது: அடுத்து குதிரை இ3, அதன் பிறகு டி5. டி5-ல் ஒரு குதிரை நிலையாக உட்கார்ந்துவிட்டால் மூலைவிட்டம் இரண்டு இடத்தில் அடைபடும், ஏ8 பிஷப் மறுபடி பழைய கைதிதான். கறுப்பிடம் இருந்தது சரியாக ஒரே ஒரு நகர்த்தல் அவகாசம். அதில் ஆனந்த் ஆடியது 30... எஃப்5.

இரண்டு வெட்டுகள்

31-ல் வெள்ளை என்ன செய்திருக்கலாம்? குதிரையை டி2-க்கு இழுத்து இ4-ஐ இரட்டையாகத் தாங்கியிருக்கலாம். கறுப்பு இ4-ல் வெட்டினால் குதிரையே திரும்ப வெட்டி இ4-ல் உட்கார்ந்து மூலைவிட்டத்துக்கு மூடி போடும். கொஞ்சம் வேகமிழந்த நகர்த்தல், ஒருவேளை மந்தமான சமநிலை. டோபலோவ் 31-ல் சிப்பாயால் எஃப்5-ல் வெட்டினார். ஒரு சிப்பாய் கூடுதல். 31... இ4.

இதைத்தான் பலகையில் காய் வைத்துப் பார்க்கவேண்டும். வெள்ளை: ராஜா ஜி2, ராணி சி1, யானைகள் ஏ3, எஃப்2, குதிரை சி4, சிப்பாய்கள் ஏ2, பி2, எஃப்3, எஃப்5, ஜி3, எச்2. கறுப்பு: ராஜா ஜி8, ராணி இ7, யானைகள் சி7, டி8, பிஷப் ஏ8, சிப்பாய்கள் ஏ7, சி5, இ4, ஜி7, எச்6. கறுப்பு இ4 சிப்பாயைக் கையில் வைத்து நீட்டுகிறது. அதை எஃப்3 சிப்பாயால் வெட்டினால், ஏ8-க்கும் ஜி2-க்கும் நடுவில் எஞ்சியிருந்த சுவரை வெள்ளை தன் கையாலேயே எடுத்துவிடும்.

32. சிப்பாய் இ4-ல் வெட்டு. 31-ஆவதைவிட இதுவே பெரிய தவறு என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. 31-ல் வெட்டிய பிறகும் யானையை ஏ3-லிருந்து இ3-க்கு இழுத்திருக்கலாம். ஓரத்தில் கிடந்த யானை நடுவுக்கு வருகிறது. கறுப்பு எஃப்3-ல் செக்கோடு வெட்டினாலும் இ-வரிசை திறந்து இ7 ராணி தாக்குதலில் நிற்கும். போராட்டம் தொடர்ந்திருக்கும். ஆடியதோ 32... ராணி இ4-ல் வெட்டு, செக்.

இப்போது ராஜா எங்கே போவது? ஜி1-க்குப் போனால் ராணி எச்1-ல் செக்மேட். ஏ8 பிஷப் பின்னால் நின்று தாங்குகிறது. எஃப்1-க்குப் போனால் ராணி எச்1-ல் செக் சொல்லி, ராஜா இ2-க்கு விலகியதும் முதல் வரிசையில் சி1 ராணியைத் தூக்கிவிடும். ஆகவே 33. ராஜா எச்3. 33... யானை டி4, சி4 குதிரைக்கு மிரட்டல். 34. குதிரை இ3.

இந்த இடத்தில் வெள்ளை எல்லாவற்றையும் தாங்கிவிட்டது போலத் தோன்றும். இ3 குதிரைக்கு ராணியும் யானையும் காவல், எஃப்5-க்குக் குதிரையும் எஃப்2 யானையும் காவல், ஒரு சிப்பாய் வேறு கூடுதல். 34... ராணி இ8. நடுவில் கோலோச்சிக்கொண்டிருந்த ராணி தன் முதல் வரிசைக்கே பின்வாங்குகிறது. காரணம் இரண்டு. ஒன்று, அது விலகியதும் ஏ8 முதல் ஜி2 வரை மூலைவிட்டம் முழுக்கக் காலி, ஜி2 ராஜாவுக்கு இனி எட்டாத கட்டம். இரண்டு, இ8-லிருந்து எஃப்7, ஜி6 வழியாக எச்5-க்கு வழி இருக்கிறது. ராணி எச்5-ல் செக் சொன்னால் ஜி4-க்குப் போக முடியாது, டி4 யானையும் ராணியும் காக்கின்றன. ஜி2-க்குப் போக முடியாது, பிஷப் காக்கிறது. எச்4-ல் குறுக்கே வைக்கவும் காய் இல்லை. சுத்தமான செக்மேட். பின்னால் போகும் நகர்த்தலில் இப்படி ஒரு மிரட்டல் ஒளிந்திருப்பதை முன்கூட்டியே பார்ப்பது பெரிய ஆட்டக்காரர்களுக்கும் கஷ்டம்; கண் எப்போதும் முன்னே போகும் செக்குகளைத்தான் எண்ணும்.

35. ஜி4 எச்5 36. ராஜா எச்4. எச்5-ல் வெட்டினால் ராணியே செக்கோடு வெட்டி வந்து நிற்கும் என்பதால் ராஜா தானே சண்டைக்குக் கிளம்புகிறது. 36... ஜி5 செக். 37. எஃப்5 சிப்பாய் என்-பாசான் முறையில் (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயைக் கடந்த கட்டத்தில் வெட்டுவது) ஜி6-ல் வெட்டு, 37... ராணி ஜி6-ல் வெட்டு 38. ராணி எஃப்1 யானை ஜி4-ல் வெட்டு, செக். குதிரையால் அந்த யானையை வெட்டினால் ராணி ஜி4-ல் வெட்டி மேட். எச்5 சிப்பாய் ராணியைத் தாங்குகிறது. 39. ராஜா எச்3 யானை இ7.

நேர வரம்பு 40 நகர்த்தல்கள். அந்த எல்லையில் டோபலோவ் எதிர்க்க முடிந்த அளவுக்கு எதிர்த்தார்: 40. யானை எஃப்8 செக், ராஜா ஜி7 41. குதிரை எஃப்5 செக், ராஜா எச்7. குதிரை இப்போது இ7 யானையைத் தாக்குகிறது. வெட்டலாமா? 42. குதிரை இ7-ல் வெட்டினால் 42... யானை எச்4 செக், ராஜா வெட்டியே ஆகவேண்டும், பிறகு ராணி ஜி4 மேட். குதிரை எஃப்5-ல் நிற்கும்வரை எச்4-க்கு அதுதான் காவல். அது விலகிய அடுத்த நொடியே கதை முடிகிறது. இந்தச் சின்ன வலை இல்லாவிட்டால் கறுப்புக்கு ஒரு யானை நஷ்டம். ஆகவே 42. யானை ஜி3 யானை ஜி3-ல் வெட்டு, செக் 43. சிப்பாய் ஜி3-ல் வெட்டு, ராணி ஜி4 செக் 44. ராஜா எச்2 யானை இ2 செக் 45. ராஜா ஜி1 யானை ஜி2 செக் 46. ராணி ஜி2-ல் வெட்டு, பிஷப் ஜி2-ல் வெட்டு. பதினெட்டு நகர்த்தலாக ஏ8-ல் அசையாமல் நின்ற பிஷப் மூலைவிட்டத்தின் ஒரு முனையிலிருந்து ஜி2 வரை ஒரே தாவலில் வந்து தன் ஏழாவது நகர்த்தலை முடித்துக்கொள்கிறது. 47. ராஜா ஜி2-ல் வெட்டு, ராணி இ2 செக் 48. ராஜா எச்3 சி4.

ராணிக்கு எதிரே யானையும் குதிரையும்

மிச்சம்: கறுப்புக்கு ராணியும் ஏ7, சி4, எச்5 சிப்பாய்களும், வெள்ளைக்கு எஃப்8-ல் யானை, எஃப்5-ல் குதிரை, ஏ2, பி2, ஜி3 சிப்பாய்கள். யானையும் குதிரையும் ஒன்றுக்கொன்று காவலாகக் கறுப்பு ராஜாவைச் சுற்றி நின்றுகொண்டால் ராணிக்குக்கூட உடைப்பது சுலபமில்லை, தொடர் செக்குகளும் வரலாம். கறுப்பின் வேலை அந்த ஜோடியைப் பிரிப்பது.

49. ஏ4 ஏ5 50. யானை எஃப்6 ராஜா ஜி8 51. குதிரை எச்6 செக், ராஜா ஜி7 52. யானை பி6. எச்6-ல் நிற்கும் குதிரையைக் கறுப்பு ராஜா தட்டிக்கொண்டிருக்கிறது. ஆறாவது வரிசையில் யானை நிற்கும்வரைதான் அதற்கு உயிர். 52... ராணி இ4 53. ராஜா எச்2 ராஜா எச்7 54. யானை டி6 ராணி இ5. இந்த ஒரு நகர்த்தல் டி6 யானையையும் பி2 சிப்பாயையும் சேர்த்துத் தாக்குகிறது, யானையோ ஆறாவது வரிசையை விட்டு நகர முடியாது. 55. குதிரை எஃப்7 என்று குதிரை யானைக்குக் காவலாகி, ராணியையும் தாக்குகிறது; ஆனால் ராணி பி2-ல் செக்கோடு வெட்டுவதால் அந்தத் தாக்குதல் வீண். 56. ராஜா எச்3 ராணி ஜி7. எஃப்7 குதிரை தாக்குதலில், சி4 சிப்பாயின் வழியில் ஒருவருமில்லை. டோபலோவ் ஆட்டத்தை விட்டார். 6.5–5.5.

இதை எடுத்து ஆட நினைப்பவர்களுக்கு

இந்த ஆட்டத்துக்குப் பிறகு லாஸ்கர் தற்காப்பு மறுபடி அடிக்கடி தலைகாட்டத் தொடங்கியது. கிளப் மட்டத்திலும் ஏற்றதுதான்: கற்கவேண்டியது குறைவு, வெள்ளை எந்த வரிசையில் வந்தாலும் அமைப்பு பெரிதாக மாறாது. ஆனால் சில கிளைகளைத் தெரியாமல் உட்காரக்கூடாது.

வெள்ளை 9-ல் குதிரையால் இ4-ல் வெட்டினால், கறுப்பு டி5 சிப்பாயால் திரும்ப வெட்டும், வெள்ளைக் குதிரை டி2-க்குப் பின்வாங்கி இ4 சிப்பாயைத் தட்டும். அதை எஃப்5 ஆடித் தாங்கலாம், அல்லது இ5 தள்ளி நடுவில் எதிர்க்கலாம். தாங்க மறந்தால் சிப்பாய் போச்சு.

9-ல் சி4 சிப்பாயால் டி5-ல் வெட்டுவதுதான் அதிகம் யோசிக்க வைக்கும் வழி. கறுப்பு அவசரப்பட்டு இ6 சிப்பாயால் உடனே திரும்ப வெட்டினால், வெள்ளை இ4 குதிரையை வெட்டி, கறுப்புச் சிப்பாயை இ4-க்கு இழுத்து, குதிரையை டி2-ல் வைத்து அதைக் குறிவைக்கும். முதலில் சி3-ல் குதிரையை வெட்டவேண்டும். வெள்ளை பி2 சிப்பாயால் வெட்டியதும், அதன்பிறகு இ6 சிப்பாயால் டி5-ல் வெட்டவேண்டும். அடுத்து 11. ராணி பி3 வரும். டி5-க்கு நெருக்கடி. 11... யானை டி8 12. சி4, கறுப்புச் சிப்பாய் சி4-ல் வெட்டு 13. பிஷப் சி4-ல் வெட்டு, குதிரை சி6. கார்போவும் யூசுபோவும் 1989-ல் சண்டையிட்டது இந்த நிலையைச் சுற்றித்தான். இங்கே வெள்ளைக்கு நடுவில் சிப்பாய்ப் பெரும்பான்மை உண்டு. கறுப்புக்கு இ6-ல் சிப்பாயே இல்லாததால் சி8 பிஷப்பின் வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. பி6 ஆடி அதை பி7-ல் வைப்பது இங்கும் வழக்கம்.

அதிகம் நடக்கும் தப்பு என்னவோ இவை எதுவுமில்லை. காய்களையெல்லாம் மாற்றி முடித்து, குதிரையை டி7-ல் வைத்ததும் 'சமநிலை வந்தாச்சு' என்று சி5-ஐயும் இ5-ஐயும் தள்ளிப்போடுவார்கள். வெள்ளை அதற்குள் இ4 தள்ளிவிட்டால் கறுப்பிடம் மிஞ்சுவது இடமில்லாத ஒரு நிலையும் சி8-ல் அதே பிஷப்பும். ஆனந்த் 13-ல் பி6, 14-ல் சி5 என்று அடுத்தடுத்து ஆடியதற்கு நடுவில் ஒரு நகர்த்தலைக்கூட வீணாக்கவில்லை என்பதைப் பலகையில் திரும்ப ஓட்டிப் பார்க்கும்போது கவனிக்கலாம்.